ஜனநாயகத் தேய்வை ஆராய வேண்டுமா? கோத்தகிரியில் இருந்தே தொடங்கலாம்

அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிற பிள்ளைகள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்டு வீட்டுக்கு வருவார்கள். "இந்தியாவில் ஜனநாயகம் தேயுதான்னு எழுதப் போறேன் அக்கா" என்பார்கள். அக்கறை நியாயமானது, ஆனால் இவ்வளவு பெரிய கேள்வியோடு இறங்கினால் ஆறு மாதமும் செய்தித்தாள் கத்தரிப்பதிலேயே போய்விடும்.

முதலில் எந்த மாதிரி தேய்வு என்று பிரியுங்கள். அரசியல் அறிஞர் நான்சி பெர்மியோ 2016-ல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல தொடக்கம்: ராணுவப் புரட்சிகள் குறைந்துவிட்டன, தேர்தலில் ஜெயித்து வந்தவர்களே சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தங்களைத் தட்டிக்கேட்கும் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பலவீனப்படுத்துவதுதான் இப்போது அதிகம் என்கிறார். உதாரணம் தேடி எல்லோரும் உடனே ஹங்கேரிக்கு ஓடுவார்கள். இங்கே கோத்தகிரியில், நம் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லைன் வீட்டிலேயே சான்று இருக்கிறதே! அங்கே ஒரு பாட்டி, இலங்கையிலிருந்து வந்து இறங்கியதும் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை இன்னமும் பால் கவருக்குள் மடித்து வைத்திருக்கிறார், மடிப்பில் எழுத்தே அழிந்துவிட்டது. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே, தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் வாக்கெடுத்து நிறைவேற்றிய சட்டம் அங்கே தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது, அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. துப்பாக்கி வெடிக்கவில்லை. அவர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்பதென்ற 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே வந்தவர்களுக்காகத்தான் தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களே போடப்பட்டன. பெர்மியோ சொல்வது என்னவென்று எனக்கு முழுசாகப் புரிந்தது அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான்.

அடுத்தது மதிப்பெண்கள். சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் இருக்கும் வி-டெம் நிறுவனம், ஜனநாயகம் எவ்வளவு இருக்கிறது என்று நாடுகளுக்கு 0 முதல் 1 வரை மதிப்பெண் போடுகிறது. 2021 அறிக்கையில் இந்தியாவைத் தேர்தல் நடக்கும் எதேச்சாதிகாரம் என்ற வகையில் சேர்த்தது, மத்திய அரசு அதை ஏற்கவில்லை. தரவை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஆனால் வரைபடத்தின் நடுக்கோட்டை மட்டும் பார்க்காதீர்கள், மதிப்பெண் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று அதன் இருபுறமும் காட்டும் நிச்சயமின்மைப் பட்டையையும் சேர்த்து வரையுங்கள். முக்கிய மதிப்பெண்களில் பெரும்பகுதி நிபுணர்களின் கணிப்பு. ஆட்சி மாறியதா, பதவியில் இருந்தவர் தோற்றாரா என்று எண்ணக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு லிட்டில், மெங் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2024-ல் எழுதினார்கள், உலகளாவிய பெரிய சரிவு அதில் தெரியவில்லை என்றார்கள். வி-டெம் தரப்பு மறுத்தது. இரண்டையும் படித்துவிட்டு உங்கள் அளவுகோல் கணிப்பா எண்ணிக்கையா என்று ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு அமைப்பைப் பிடியுங்கள். என் யோசனை கிராம சபை. ஐந்து வருடம் முடிவதற்குள் உள்ளாட்சித் தேர்தல் நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-E பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய ஊரகத் தேர்தல் நீலகிரியில் 2019 டிசம்பரில்தான் நடந்தது, இடையில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் நிர்வாகம். ஒரே ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தை எடுத்து, 2016-க்கு முன், தனி அலுவலர் காலம், 2020-க்குப் பின் என்று மூன்றாகப் பிரித்து, எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள், எந்தத் தீர்மானம் மக்கள் கொண்டுவந்தது, எது மேலிருந்து வந்தது என்று எண்ணுங்கள். நேரில் காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

கூட்டம் குறைந்ததும் தேய்வு என்று எழுதிவிடாதீர்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை, ஒரு வாரத்தில் ஆகஸ்ட் 15 கிராம சபை. சாலை அறுந்துபோன அந்தப் பக்கத்து ஊரில் சபைக்கு யார் வந்திருக்க முடியும்? 2020-ல் கொரோனா. இந்த மாதிரி நாள்களைத் தனியே குறித்து, அவற்றை விட்டும் சேர்த்தும் இருமுறை கணக்குப் பாருங்கள்.

ஜனநாயகம் தாங்கி நின்ற இடத்தையும் தேடுங்கள், அதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். இலங்கையில் 2018 அக்டோபரில் ஜனாதிபதி சிறிசேன பிரதமர் ரணிலை நீக்கினார், நவம்பரில் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள், ரணில் திரும்பி வந்தார். 1948-ல் தடுக்காத எது 2018-ல் தடுத்தது? இது ஒரு முழு ஆய்வேட்டுக்கான கேள்வி.

நேர்காணலுக்குக் கொழுந்து எடை போடும் நேரத்தில் போகாதீர்கள், ஞாயிறு மத்தியானம் போங்கள். பாட்டியிடம் ஜனநாயகம் பற்றிக் கேட்க வேண்டாம். "முதல்முதலா எப்ப பாட்டி ஓட்டுப் போட்டீங்க, யார் கூட்டிட்டுப் போனாங்க?" என்று கேளுங்கள், மீதியை அவரே சொல்வார்.