சார்ட்டில் 18 என்று எழுதும் முன்

மதுரையில் நர்சிங் மாணவிகளை வார்டுக்குக் கூட்டிப்போய்ப் பழக்குவது என் வேலை. வார்டுக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் சில தவறுகளைச் சொல்கிறேன். கை கழுவுவது, கையுறை போடுவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. போன வாரம் ஒரு சார்ட்டைப் புரட்டினேன். எட்டுப் படுக்கை, எட்டுப் பேருக்கும் மூச்சு நிமிடத்துக்கு 18. எண்ணாமலே எழுதும் இந்த 18ஐப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும், நானும் அப்படி எழுதியவள் என்பதால்.

மூச்சை எண்ணாமல் எழுதுவது

பிபிக்கும் நாடிக்கும் மெஷின் இருக்கிறது. சாதாரண வார்டில் மூச்சை மட்டும் நாம்தான் நின்று எண்ண வேண்டும், அதனால் விட்டுவிடுகிறோம். உடம்பு மோசமாகும்போது பல நேரம் முதலில் மாறுவதே அதுதான். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25 வந்துவிட்டால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு பாட்டி. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். மகன் வந்து, "சிஸ்டர், ஆத்தாவுக்கு ராத்திரியிலருந்து மேமூச்சு வாங்குது" என்றார். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரில் 95 சதவீதம். "நார்மல்தாண்ணே, பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டு 18 என்று எழுதினேன். ஒரு மணி நேரம் கழித்து சீனியர் சிஸ்டர் வந்தார். சேலைத் தலைப்பு வேகவேகமாக ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, வாட்சைக் கையில் எடுத்து எண்ணினார். 34. நிமோனியா. ஐசியூவில் ஆறு நாள் கிடந்துதான் பாட்டி பிழைத்தார். மகன் சொன்னது கேஸ் ஷீட்டில் ஒரு வரிகூட இல்லை. அவர் நாற்பது வருஷமாக ஆத்தாவைப் பார்ப்பவர். நான் பார்த்தது மூன்று நாள்.

நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அப்புறம், கூட இருப்பவர் "வழக்கம்போல இல்ல" என்று சொன்னால் அதையும் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

பிபி நார்மல் என்று நிம்மதியாவது

ரத்தம் போகும்போது முதலில் ஏறுவது நாடி. உடம்பிலுள்ள ரத்தத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போகும்வரைகூட பிபி தாக்குப்பிடிக்கலாம்.

"பேஷண்ட் சரியில்ல சார்" என்பது

இதைக் கேட்டு எந்த டியூட்டி டாக்டரும் ஓடி வரமாட்டார். "இடுப்பு ஆபரேஷன், மூன்றாம் நாள். காலையில் மூச்சு 20, இப்போது 34. நீங்கள் வந்து பார்க்க வேண்டும்." இவ்வளவு போதும். வரவில்லையென்றால் வார்டு இன்சார்ஜிடம் சொல்லுங்கள். கூப்பிட்ட நேரத்தை எழுதிவையுங்கள்.

போனில் வரும் மருந்து ஆர்டர்

மருந்தின் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லி, "ஆமாம்" என்று காதில் விழும்வரை மருந்தைத் தொடாதீர்கள்.