ஹவுஸ்டெட்ஸ் கோட்டை: கற்களை எந்த வரிசையில் படிப்பது

வட இங்கிலாந்தில், ரோமானியர் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரின் நடுப்பகுதியில், ஒரு பாறை முகட்டின் மேல் இருக்கிறது ஹவுஸ்டெட்ஸ் என்ற ரோமானியக் கோட்டை. அங்கே போகிறவர்கள் பலர், கண்ணில் படும் சுவர்களெல்லாம் ஒரே காலத்தவை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல நூற்றாண்டுக் கட்டுமானம் அங்கே கலந்து கிடக்கிறது. எந்தக் கல் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதையே முதலில் பாருங்கள்.

கையில் ஒரு தரைவரைபடமும் திசைகாட்டியும் போதும். கோட்டை கிழக்கு மேற்காக நீண்ட செவ்வகம். ஏறக்குறைய 186 மீட்டருக்கு 112 மீட்டர், மூலைகள் வளைந்தவை. பக்கத்துக்கு ஒரு வாசல். தலைமையகம் கிழக்கே பார்த்திருப்பதால், கிழக்கு வாசலிலிருந்து வரைபடத்தைப் பிடித்தால் குழப்பம் வராது.

பிறகு நேராக வடசுவருக்குப் போங்கள். சுவருக்குச் சற்று உள்ளே, தரைமட்டத்தில் ஒரு சிறு சதுரக் கட்டடத்தின் அடித்தளம் தெரியும். 36பி என்று எண்ணிட்ட காவல் கோபுரம் அது. பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 122இல் பிரிட்டனுக்கு வந்தார். முதல் திட்டப்படி ஹேட்ரியன் சுவரின் மீது பெரிய கோட்டைகள் கிடையாது, இடையிடையே சிறு காவல்நிலைகளும் கோபுரங்களும்தான். வேலை நடந்துகொண்டிருந்தபோதே திட்டம் மாறியது. கோபுரத்தை இடித்து, அதன்மேல் கோட்டையைக் கட்டினார்கள். வடசுவரைச் சில மீட்டர் தள்ளிப் பாறை விளிம்பில் வைத்தார்கள். கோட்டையை விடக் கோபுரம் பழையது என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டியதில்லை.

வடவாசலில் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். வாசலுக்கு வெளியே தரை சட்டென்று இறங்கி, அடித்தளக் கற்கள் அப்படியே வெளியே தெரிகின்றன. இந்த வழியே வண்டி எப்படி ஏறியது என்று தோன்றும். ஏறியது; அங்கே ஒரு சரிவுப்பாதை இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தோண்டியவர்கள் அதை அகற்றிவிட்டார்கள்.

அடுத்தது தானியக் களஞ்சியம். வெளிச்சுவரில் முட்டுத்தூண்கள், உள்ளே வரிசையாகக் குட்டையான கல்தூண்கள். இவற்றைத் தரைக்கடியில் சூடேற்றும் அறையின் தூண்கள் என்று நினைத்துவிடுவது எளிது. சூடேற்றும் அறையென்றால் அடுப்பு வாய் இருக்க வேண்டும், கற்களில் கரியோ வெப்ப வெடிப்போ தெரிய வேண்டும். களஞ்சியத்தில் அவை இருக்காது. சுவரின் அடியில் காற்றுத் துளைகள்தான் இருக்கும். ஈரமும் எலியும் தானியத்தை அண்டாமலிருக்கத் தரையை உயர்த்தினார்கள். சூடேற்றிய அறையைப் பார்க்கத் தளபதி வீட்டுக்குப் போங்கள்.

வடகிழக்கில் படைவீரர் குடியிருப்பு. முதலில் அது ஒரே கூரையின் கீழ் நீண்ட வரிசை, அறைக்குச் சுமார் எட்டுப் பேர். பிற்காலத்தில் அதை இடித்துத் தனித்தனிச் சிறு வீடுகளாகக் கட்டினார்கள். பக்கத்துச் சுவர்களுக்கு நடுவே குறுகிய இடைவெளி தெரிந்தால் நீங்கள் பார்ப்பது பிந்தைய கட்டம்.

கழிப்பிடத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். அது தென்கிழக்கு மூலையில், கோட்டையிலேயே தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. மேட்டில் ஊற்று இல்லாததால் மழைநீரைத் தேக்கிச் சாக்கடையைக் கழுவினார்கள். பக்கத்துத் தொட்டியின் கற்பலகை இணைப்புகளில் ஈயம் ஊற்றி அடைத்திருக்கிறார்கள், விளிம்புகள் தேய்ந்து குழிந்திருக்கின்றன. ஆழமான வாய்க்காலின் மேல் மரப்பலகை இருக்கைகள் இருந்தன, அவை மக்கிப்போயின. உட்கார்ந்தவர்களின் கால்மாட்டில் ஓடிய சிறு கால்வாய், துடைத்துக்கொள்ளப் பயன்பட்ட கடற்பஞ்சைக் கழுவ.

கிழக்கு வாசல் படிக்கல்லில் வண்டிச்சக்கரத் தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ரயில் தண்டவாள அகலமே இதைப் பார்த்து வைத்ததுதான் என்று ஒரு கதை உண்டு. நம்ப வேண்டாம், அந்த அகலம் அப்பகுதி நிலக்கரிச் சுரங்க வண்டிப்பாதைகளிலிருந்து வந்தது.

கடைசியாகத் தெற்கு வாசல். அதை ஒட்டி வெளியே நிற்கும் தடித்த சுவர்கள் ரோமானியருடையவை அல்ல. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லையில் கொள்ளையர் திரிந்த காலத்து அரண்வீடு அது. தானியம் உலர்த்தும் சூளையைக் கூட வாசலின் காவலறைக்குள்ளேயே அமைத்திருக்கிறார்கள்.