இரண்டு மைக்கை வைத்து இரைச்சலுக்கு நடுவே பேச்சைத் தெளிவாக்குவது எப்படி?

ஒரே மைக்கில் பேச்சும் இரைச்சலும் சேர்ந்து பதிவாகிவிட்டால், இரைச்சலை நீக்கும்போது குரலும் கொஞ்சம் அடிபடும். இரண்டு மைக் இருந்தால் நிலைமை வேறு. இரண்டிலும் பதிவான குரலை நேரம் பிசகாமல் பொருத்திக் கூட்டினால் குரல் 6 டெசிபெல் ஏறும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரைச்சல் 3 டெசிபெல்தான் ஏறும். ஆக, 3 டெசிபெல் லாபம். காது மந்தமானவருக்கு இது சின்ன விஷயமே இல்லை.

முதலில் மைக். இரண்டும் ஒரே மாடலாக, ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) செருகியவையாக இருக்கட்டும். தனித்தனி யூஎஸ்பி மைக் வேண்டாம். இரண்டும் விநாடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியை அத்தனை முறை அளந்து பதிவது, என்றுதான் சொல்லும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு, போகப்போக ஒன்று முந்தும். அதன்பின் எவ்வளவு பொருத்தினாலும் நிலைக்காது.

மைக்குகளை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும்) அளவை ஒன்றுபோல் வையுங்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதனால் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.29 மில்லிவிநாடியைத் தாண்டாது. 48,000 சாம்பிள் வேகத்தில் அது 14 சாம்பிள்.

இப்போது ஸ்டீரியோவில் பதிவைத் தொடங்குங்கள். பேசுபவர் தன் வாய்க்கு நேராக ஒருமுறை கை தட்டட்டும். அப்புறம் இடம் மாறாமல் பேசட்டும்.

பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, ஸ்டீரியோவை இரண்டு மோனோ ட்ராக்குகளாகப் பிரியுங்கள். கைதட்டல் தொடங்கும் இடத்தில், சாம்பிள்கள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும்வரை பெரிதாக்குங்கள். ஒன்று முந்தியிருந்தால் அதை வலப்பக்கமாக, அதாவது தாமதமாகும்படி, நகர்த்துங்கள்.

சரி, பொருந்தியதா என்று எப்படி அறிவது? எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஒரு ட்ராக்கை மட்டும் இன்வர்ட் செய்து (அலையைத் தலைகீழாக்கி), இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். பொருத்தம் சரியென்றால் குரல் வெகுவாக அடங்கி, இரைச்சல் மேலே வரும். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியால் குரல் முழுக்க மறையாது, அது இயல்புதான். ஒவ்வொரு சாம்பிளாக நகர்த்தி, குரல் எங்கே மிகவும் தேய்கிறதோ அங்கே நிறுத்துங்கள். கண்ணைவிடக் காது இதில் நம்பகமானது. பொறுமையாகச் செய்யுங்கள், மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

பிறகு இன்வர்ட்டை நீக்கி, ஒவ்வொரு ட்ராக்கையும் 6 டெசிபெல் குறைத்து, ஒன்றாக மிக்ஸ் செய்யுங்கள். தனி மைக்கின் பதிவோடு மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

மின்விசிறியின் அடித்தொண்டை உறுமல் மட்டும் அப்படியே இருக்கும். அறையெங்கும் பரவிய இரைச்சலில், 10 சென்டிமீட்டர் இடைவெளிக்கு ஏறக்குறைய 1,700 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பகுதி இரண்டு மைக்கிலும் பெரும்பாலும் ஒரேமாதிரிதான் பதிகிறது. கீழே போகப்போக அந்த ஒற்றுமை கூடுவதால் லாபமும் குறைகிறது. 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் அதற்குக் கீழுள்ள ஒலியைக் குறைக்கும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் போட்டால் உறுமலில் ஒரு பகுதி போகும். பேச்சு கெடாது.

பேசுபவர் நடமாடினால் கையால் நகர்த்துவது ஆகாது. நேர வித்தியாசத்தைக் கணினியே தொடர்ந்து கணக்கிட வேண்டும். அதற்குப் பெரிதும் பயன்படும் ஜிசிசி-ஃபாட் (GCC-PHAT) என்ற கணக்கீட்டு முறையை 1976இல் நாப், கார்ட்டர் இருவரின் ஆய்வுக் கட்டுரையில் காணலாம். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள் பத்திருபது வரியில் எழுதிவிடலாம்.