வரம்பு உண்டு, பங்கு இல்லை: சூரை மீன் நிர்வாகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வஞ்சிரம் வாங்க மீன் கடைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு, அந்த மீனைப் பற்றி சீஷெல்ஸ் தீவில் ஓர் அலுவலகம் கணக்குப் பார்க்கிறது என்று தெரியும்? இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம் அங்கே விக்டோரியா நகரிலிருந்து இயங்குகிறது. 1993-ல் ஒப்பந்தம் ஏற்கப்பட்டு 1996-ல் நடைமுறைக்கு வந்தது. 16 வகை மீன்கள் அதன் பொறுப்பில் இருக்கின்றன. டின்களில் டூனா என்று எழுதி விற்கப்படும் வரிச்சூரை, ஜப்பானியர்கள் பச்சையாக உண்ணும் மஞ்சள் துடுப்புச் சூரை, பெருங்கண் சூரை, இவற்றோடு நம் வஞ்சிரமும் அந்தப் பட்டியலில் உண்டு.

சூரை ஓரிடத்தில் நிற்காத மீன். ஒரு நாட்டின் 200 கடல் மைலுக்குள் பிறந்து, இன்னொரு நாட்டின் கடலில் வளர்ந்து, யாருக்கும் சொந்தமில்லாத நடுக்கடலில் பிடிபடும். எந்த நாடும் தனியாக அதைக் காக்க முடியாது. அதனால்தான் உலகக் கடல்களைப் பிரித்துக்கொண்டு ஐந்து ஆணையங்கள் சூரைக்காகவே இருக்கின்றன. இருந்தும் ஏன் இத்தனை சூரை இருப்புகள், அதாவது கடலில் உயிரோடு உள்ள மீன் கூட்டங்கள், அடிபட்டன? அறிவியல் இல்லாததால் என்று நினைத்தால் தவறு. பெரும்பாலும் அறிவியல் கையில் இருந்தபோதே செய்த தவறுகள் அவை. இந்தியப் பெருங்கடலை வைத்தே பார்ப்போம்.

எல்லாச் சூரையையும் ஒரே மீனாக நினைப்பது

நாம் பேச்சில் சூரை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். நிர்வாகத்தில் அப்படிச் செய்தால் எல்லாக் கணக்கும் தவறிப்போகும். வரிச்சூரை சிறிய மீன். ஒன்று ஒன்றரை வயதிலேயே முட்டையிடும், வேகமாகப் பெருகும். உலகில் பிடிபடும் முக்கிய சூரை வகைகளில் பாதிக்கு மேல் இதுதான். மஞ்சள் துடுப்பும் பெருங்கண்ணும் அப்படி இல்லை. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வளர்ந்த பிறகுதான் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்.

சிக்கல் மிதவைகளில் வருகிறது. கடலில் மிதக்கும் எதன் அடியிலும் மீன் கூடும் என்பது நம் மீனவர்களுக்குப் பழைய பாடம். மீன் கூட்டத்தை வலையால் சுற்றி வளைத்து, அடியைச் சுருக்கித் தூக்கும் பெரிய சுருக்குமடிக் கப்பல்கள் அதையே ஒரு தொழில்நுட்பமாக்கின. ஒரு மூங்கில் சட்டம், அடியில் தொங்கும் பழைய வலை, மேலே செயற்கைக்கோளோடு பேசும் கருவி. அடியில் எவ்வளவு மீன் சேர்ந்திருக்கிறது என்று ஒலி அலையால் அளந்து அந்தக் கருவியே கப்பலுக்குச் சொல்லிவிடும். கப்பல் குறிவைப்பது வரிச்சூரையை. ஆனால் அதே நிழலில், அதே அளவில், மஞ்சள் துடுப்பின் குஞ்சும் பெருங்கண்ணின் குஞ்சும் கலந்து நிற்கின்றன. மடி சுருங்கும்போது மூன்றும் சேர்ந்தே மேலே வருகின்றன. வரிச்சூரைக்கு அது வயது வந்த மீனின் அளவு. மற்ற இரண்டுக்கும் அது ஒருமுறைகூட முட்டையிடாத வயது.

இன்னொரு சேதம் கண்ணில் படுவதே இல்லை. மிதவைக்கு அடியில் தொங்கும் வலையில் சில்கி சுறாக்கள் சிக்கி இறக்கின்றன. இந்தியப் பெருங்கடலில் மட்டும் ஆண்டுக்கு 4.8 லட்சம் முதல் 9.6 லட்சம் வரை இப்படிச் சாகலாம் என்று 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. செத்த சுறா வலையிலிருந்து கழன்று மூழ்கிவிடும், எந்தக் கப்பலின் கணக்கிலும் வராது. இந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து மிதவைக் கட்டுப்பாடு பற்றிய பேச்சை என்னால் வெறும் வணிகச் சண்டையாகப் பார்க்க முடியவில்லை.

ஆணையம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு கப்பல் ஒரே நேரத்தில் இயக்கக்கூடிய மிதவைகளை 2015-ல் 550 என்று வரையறுத்தது. பிறகு 425, 350 என்று குறைத்து 2019-ல் 300-க்குக் கொண்டுவந்தது. சிக்க வைக்காத, மக்கும் பொருளால் ஆன மிதவைகளுக்கு மாற வேண்டும் என்ற விதிகளும் வந்தன. நல்ல திசைதான், ஆனால் மெல்லத்தான் நகர்கிறது.

மொத்த வரம்பைப் போட்டுவிட்டுப் பங்கைப் பிரிக்காமல் விடுவது

எல்லாத் தவறுகளிலும் இதுவே பெரியது என்பது என் கருத்து.

2016-ல் மாலத்தீவு முன்னின்று நடத்திய முயற்சியால் வரிச்சூரைக்கு ஒரு நல்ல விதி ஏற்கப்பட்டது. இருப்பு எவ்வளவு என்று அளந்து, அதற்கேற்ப அடுத்த சில ஆண்டுகளுக்கான பிடி வரம்பைக் கணக்கிட்டே சொல்லிவிடும் விதி அது. பேரம் பேச அதில் இடமில்லை. அதன்படி 2018 முதல் 2020 வரை ஆண்டுக்கு 4,70,029 டன் என்று வரம்பு வந்தது. 2018-ல் பிடித்தது எவ்வளவு? 6 லட்சம் டன்னுக்கு மேல்.

யார் மீறினார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. ஏனென்றால் எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று யாரும் பிரிக்கவில்லை. ஊர்க் கண்மாயில் இந்த ஆண்டு இவ்வளவுதான் மீன் பிடிக்கலாம் என்று சொல்லிவிட்டு, எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும்? ஒவ்வொரு தெருவும் மற்றவர்கள் முந்துவதற்குள் வலையை இறக்கும். கடலிலும் அதுவே நடந்தது. பங்கீடு பற்றிப் பேச ஆணையம் தனிக் குழு அமைத்து, அது 2011-லேயே நைரோபியில் முதல்முறை கூடியது. பத்தாண்டு தாண்டியும் பேச்சு முடியவில்லை.

வரிச்சூரை வேகமாகப் பெருகும் இனம் என்பதால் அதன் இருப்பு விழவில்லை. மஞ்சள் துடுப்புக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2015-ல் அது அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட இனம் என்று அறிவிக்கப்பட்டது. மீட்புத் திட்டம் 2017-ல் அமலுக்கு வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பிடிக்கும் நாடுகளின் சுருக்குமடிக் கப்பல்கள் 15 சதவீதமும், நீண்ட கயிற்றில் ஏராளமான தூண்டில்களைத் தொங்கவிடும் ஆயிரங்கால் தூண்டில் கப்பல்கள் 10 சதவீதமும் குறைக்க வேண்டும் என்றெல்லாம் வகுத்தார்கள். சிலர் குறைத்தார்கள். விதிக்கு வெளியே இருந்த சிலர் கூட்டினார்கள். மொத்தம் 4 லட்சம் டன்னுக்கு மேலேயே நின்றது.

இதோடு ஆட்சேபம் என்ற கதவும் இருக்கிறது. ஆணையம் எடுத்த முடிவை ஓர் உறுப்பு நாடு 120 நாளுக்குள் எழுத்தில் மறுத்தால் அது அந்த நாட்டைக் கட்டாது. 2021-ல் வந்த மஞ்சள் துடுப்புக் கட்டுப்பாட்டை இந்தியா உள்ளிட்ட சில நாடுகள் இப்படி மறுத்தன. 2023 பிப்ரவரியில் மொம்பாசாவில், ஆண்டுக்கு 72 நாள் மிதவை மீன்பிடிப்பை நிறுத்தும் தீர்மானம் வாக்கெடுப்பில் வென்றது. ஐரோப்பிய ஒன்றியம் உட்படப் பலர் மறுத்ததால் அதுவும் செயலுக்கு வரவில்லை. வளரும் நாடுகள்தான் முட்டுக்கட்டை என்று ஒரு பக்கமும், ஐரோப்பியக் கப்பல்கள்தான் என்று மறுபக்கமும் சொல்வதைக் கேட்கிறோம். இந்த இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதே 2023-ல் பெருங்கண் சூரைக்கு 80,583 டன் வரம்பு வைத்தபோது, அதிகம் பிடிக்கும் உறுப்பினர்களுக்குத் தனித்தனி அளவும் எழுதினார்கள். அதுதான் சரியான வழி.

பசிபிக் பெருங்கடலில் எட்டுச் சிறு நாடுகள் வேறொரு வழி கண்டன. நவ்ரு, கிரிபட்டி, துவாலு, பப்புவா நியூ கினி போன்றவை 1982-ல் செய்துகொண்ட நவ்ரு ஒப்பந்தத்தின் கீழ், 2007 முதல் மீனுக்குப் பதிலாக நாளை விற்கத் தொடங்கின. எங்கள் கடலில் சுருக்குமடிக் கப்பல்கள் ஆண்டுக்கு மொத்தம் இத்தனை நாள்தான் இறங்கலாம், ஒரு நாளுக்கு இவ்வளவு விலை என்றன. ஒரு நாளின் அடிப்படை விலை 5,000 டாலரிலிருந்து சில ஆண்டுகளில் 8,000-க்கு ஏறியது. ஒவ்வொரு கப்பலிலும் கண்காணிப்பாளர் இருக்க வேண்டும் என்றும் வைத்தன. வரைபடத்தில் தேடிப் பார்க்க வேண்டிய அளவுள்ள தீவுகள் சேர்ந்து நின்றதால், உலகின் மிகப் பெரிய சூரைக் கடலில் விலையைத் தாங்களே நிர்ணயித்தன.

சிறு மீனவர் கணக்கில் வர மாட்டார் என்று நம்புவது

இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு, ஏனென்றால் சிறு மீனவர் பக்கம்தான் நான். ஆனால் இந்தியப் பெருங்கடலின் சூரைப் பிடியில் ஏறக்குறைய பாதி சிறு மற்றும் நடுத்தரப் படகுகளில் வருகிறது. மற்ற பெருங்கடல்கள் எதிலும் இப்படி இல்லை. ஈரான், ஓமான், பாகிஸ்தான், இந்தியா, இலங்கை, இந்தோனேசியா என்று கரை நெடுக ஆயிரக்கணக்கான படகுகள். பெரிய கப்பலை மட்டும் கட்டுப்படுத்தி இந்தக் கடலைக் காக்க முடியாது.

சிறு படகு என்றாலே கடலுக்கு நல்லது என்பதும் எப்போதும் உண்மையில்லை. கருவி என்ன என்று பார்க்க வேண்டும். மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் கம்பும் தூண்டிலும் கொண்டு ஒவ்வொரு மீனாகப் பிடிக்கிறார்கள். உயிருள்ள சிறு மீனைக் கடலில் எறிந்து வரிச்சூரைக் கூட்டத்தைப் படகருகே வரவழைப்பார்கள். அப்படிப் பிடித்ததைத்தான் வேகவைத்து, புகையூட்டி, காயவைத்து மாசியாக அனுப்புகிறார்கள். அதில் ஆமையோ டால்பினோ சிக்குவதற்கு வழியே இல்லை என்று சொல்லலாம்.

மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும்படி நீரில் சுவர்போலத் தொங்கும் நீண்ட செவுள் வலை அப்படியல்ல. நடுக்கடலில் மிதக்கவிடும் இப்படிப்பட்ட பெரிய வலைகளை ஐ.நா. பொதுச்சபை 1992 முடிவோடு நிறுத்தச் சொன்னது. இந்தியப் பெருங்கடலில் 2022 முதல் நாடுகளின் சொந்தக் கடலிலும் 2.5 கிலோமீட்டருக்கு மேல் நீளமானவை கூடாது. பாகிஸ்தானில் மீனவர்களே செய்து பார்த்த ஒரு மாற்றம் எனக்குப் பிடித்தது: வலையின் மேல் விளிம்பை நீர்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் கீழே இறக்கிக் கட்டினார்கள். மூச்சு விட மேலே வரும் டால்பின்கள் சிக்குவது வெகுவாகக் குறைந்தது. படகு அதேதான், வலையும் அதேதான்.

விஞ்ஞானி சொன்ன எண்ணைத் தொடக்கப் பேரமாக எடுத்துக்கொள்வது

அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரையின் கதை இதற்குப் பாடம். 2006-ல் விஞ்ஞானிகள் 15,000 டன்னுக்கு மேல் வேண்டாம் என்றார்கள். அந்தக் கடலின் ஆணையம் 2007-க்கு 29,500 டன் என்று வைத்தது. உண்மையில் பிடித்தது 61,000 டன் வரை இருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். 2008-ல் வெளியிலிருந்து ஆய்வு செய்த குழு இதைச் சர்வதேச அவமானம் என்றே எழுதியது. 2010-ல் அந்த மீனின் சர்வதேச வணிகத்தையே தடை செய்ய மொனாக்கோ கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. ஆனால் பயம் வேலை செய்தது. வரம்பு 13,500 டன்னுக்கு இறங்கியது, கண்காணிப்பு இறுகியது, மீன் திரும்பியது. 2021-ல் அழியும் நிலை என்ற பட்டியலிலிருந்து அது வெளியே வந்தது.

நல்ல செய்தி வந்ததும் கயிற்றை அவிழ்ப்பது இதன் மறுபக்கத் தவறு. 2024 மதிப்பீட்டில் இந்தியப் பெருங்கடல் மஞ்சள் துடுப்பு ஆபத்துக் கோட்டைத் தாண்டி வந்துவிட்டதாக முடிவானது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் முந்தைய மதிப்பீட்டுக்கும் இதற்கும் இடையே கணக்கில் கொடுத்த தரவுகளும் மாறியிருக்கின்றன. ஒரு மதிப்பீட்டை நம்பி வரம்பைத் தளர்த்துவதற்கு முன் இன்னொன்றுக்குக் காத்திருப்பது நல்லது.

டின்னின் மேல் உள்ள டால்பின் முத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1990-ல் சட்டமாகிய அந்த முத்திரை கிழக்குப் பசிபிக்கில் டால்பின்கள் செத்ததற்காக வந்தது. உள்ளே இருக்கும் சூரையின் இருப்பு எப்படி இருக்கிறது என்று அது எதுவும் சொல்லாது. சூரையைப் பிடிக்க டால்பின் கூட்டத்தைச் சுற்றி வளைப்பதை விட்ட கப்பல்கள் பல, மிதவைக்கு மாறின. வாங்கும்போது எந்த இனம், எந்தக் கடல், எந்தக் கருவி என்று பாருங்கள்.

படகைக் கொடுத்தால் போதும் என்று நினைப்பது

2017-ல் பாக் விரிகுடாவின் இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றும் திட்டம் ராமேஸ்வரத்தில் தொடங்கியது. ஒரு படகு 80 லட்சம் ரூபாய், பெரும்பகுதி மானியம். நோக்கம் நல்லது. ஆனால் காலையில் போய் மறுநாள் திரும்பும் தொழிலும், வாரக்கணக்கில் அரபிக்கடலில் கிடக்கும் தொழிலும் ஒன்றல்ல. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்களுக்கு அது தலைமுறை அனுபவம். மற்றவர்கள் படகோடு சேர்த்துக் கற்க வேண்டியது நிறைய.

முக்கியமாகப் பனிக்கட்டி. சூரை சூடான ரத்தத்தோடு ஓடும் மீன். பிடித்தவுடன் ரத்தம் வடித்து, குடல் நீக்கி, பனிக்கட்டியில் புதைக்காவிட்டால் கெட ஆரம்பிக்கும், உண்பவரை நோயாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் அதில் ஏறும். வலையில் மாட்டி இறந்து கிடந்த மீனுக்கும், தூண்டிலில் உயிரோடு வந்து முறையாகக் குளிரூட்டிய மீனுக்கும் விலை வித்தியாசம் மிகப் பெரிது. குறைவாகப் பிடித்துக் கூடுதலாகச் சம்பாதிக்க இந்தத் தொழிலில் இருக்கும் நேரான வழி அதுதான். படகின் எண்ணிக்கைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போக வேண்டும்.

எழுதாமல் விடுவது

2014 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையின் மீன் இறக்குமதிக்குத் தடை அறிவித்தது. படகுகள் எங்கே போகின்றன, என்ன பிடிக்கின்றன என்று கண்காணிக்கப் போதிய ஏற்பாடு இல்லை என்பது காரணங்களில் ஒன்று. பலநாள் படகுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, சட்டம் திருத்தி, 2016-ல்தான் தடை நீங்கியது. இடையில் இழந்தது மீனவர் வருமானம்.

நாளை நாடுகளுக்கிடையே பங்கு பிரிக்கும்போது மேசையில் வைக்கப்படும் முக்கியத் தாள், கடந்த ஆண்டுகளில் யார் எவ்வளவு பிடித்தார்கள் என்ற பதிவு. துறைமுகத்தில் சூரை இரண்டு டன் என்று மட்டும் எழுதிய நாள், மஞ்சள் துடுப்பு எவ்வளவு, வரிச்சூரை எவ்வளவு என்று அந்தத் தாளில் ஏறாது. மீனவர் சங்கங்கள் இப்போதே தொடங்கலாம்: இனம் தனியாக, எடை தனியாக, எந்த வலை அல்லது தூண்டில், கடலில் எந்த இடம், எந்தத் தேதி. சில மீன்களின் நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதியை மீன்வளத் துறையிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைச் சங்கத்திலேயே வைத்திருங்கள்.