கிராபிக்ஸ் கார்டு மாற்றும்போது பழைய கேபிளை நம்பாதீர்கள்

சென்ற வாரம் தம்பி முறையுள்ள ஒரு பையன் தன் கம்ப்யூட்டரில் புதிய கிராபிக்ஸ் கார்டு போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கார்டுக்கு மின்சாரம் போதாது என்று, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்து மாற்றினான். "பழைய கேபிளெல்லாம் பின்னால இழுத்துக் கட்டியிருக்கேன் அண்ணா, அது அப்படியே இருக்கட்டும்" என்றான். கையைப் பிடித்து நிறுத்தினேன். பல வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் நினைத்தேன்.

ஸ்விட்சை அணைக்க வேண்டும், ஸ்லாட்டின் பூட்டை விடுவித்துவிட்டுத்தான் பழைய கார்டை உருவ வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

பெயரை மட்டும் பார்த்து வாங்குவது

ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் வந்தன. ஒன்றில் ஜிடிடிஆர்5 மெமரி, நொடிக்கு 48 ஜிபி வேகம். மற்றதில் டிடிஆர்4, சுமார் 17 ஜிபிதான். பெட்டியில் பெயரைப் பார்த்ததோடு நிறுத்தாமல் மெமரி வகையையும் படியுங்கள்.

பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற கார்டு நீளமான ஸ்லாட்டில்தான் உட்காரும், ஆனால் தரவு போகும் பாதைகளான லேன்களில் நான்கை மட்டுமே பயன்படுத்தும். ஸ்லாட் பிசிஐஇ என்ற தரநிலையின் 4.0 பதிப்பாக உள்ள போர்டில் சமாளித்துவிடும். 3.0 போர்டில் அந்த வழியின் வேகம் பாதியாகிவிடுவதால், பல கேம்களில் கார்டு திணறும்.

கேபினெட்டை அளக்காமல் வாங்குவது

கார்டின் நீளத்துக்கு உள்ளே இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டுப் பணம் கட்டுங்கள். முன்பக்க ஃபேனின் தடிமனைக் கழிக்க மறக்காதீர்கள்.

வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைச் செருகுவது

கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள்.

கார்டில் செருகும் முனைக்குத் தரநிலை உண்டு. எந்தப் பின்னில் 12 வோல்ட், எதில் கிரவுண்ட் என்பது யார் தயாரித்த கார்டாக இருந்தாலும் மாறாது. கேபிளின் மறுமுனை, அதாவது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகும் முனைக்கு அப்படிப் பொது விதி கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்குத் தோன்றிய வரிசையில் பின்களை வைக்கிறார். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்கூட வரிசை மாறலாம். ஆனால் பிளாஸ்டிக் வடிவம் பல சமயம் ஒன்றாகவே இருக்கும். தவறான கேபிளும் 'டக்' என்று சத்தமாக உட்கார்ந்துகொள்ளும். தவறு செய்கிறோம் என்று காட்டிக்கொடுக்க அங்கே எதுவுமே இல்லை. இத்தனை வருடம் ஆகியும் இதை நினைத்தால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

பல வருடங்களுக்கு முன் நான் எஸ்எம்பிஎஸ் மாற்றிய அன்று மதர்போர்டு, சிபியு, கார்டு மூன்றுக்கும் புதிய கேபிள்களைத்தான் போட்டேன். ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் போகும் சாட்டா கேபிள் மட்டும் பின்பக்கத் தகட்டுக்கு அடியில் கட்டிக் கிடந்தது. அதை அவிழ்க்கச் சோம்பல்பட்டு, முனையைப் புது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினேன். பவர் பட்டனை அழுத்தியதும் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றது. அப்புறம் கருகிய வாசனை. அந்தக் கேபிளைப் பிடுங்கியதும் கம்ப்யூட்டர் ஓடியது, புதுக் கார்டும் நன்றாக இருந்தது. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் போய்விட்டன. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்திருக்கிறது. ஒரு டிஸ்க்கில் வீட்டாரின் பழைய புகைப்படங்கள் இருந்தன. கார்டின் விலையைவிட அந்த இழப்புதான் பெரிது.

ஆகவே எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் எல்லாக் கேபிள்களையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய கேபிள்களைப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு ஒரே பையில் போட்டு, மாடல் பெயரை எழுதி ஒட்டுங்கள். கேபிள் இல்லாத பழைய எஸ்எம்பிஎஸ் மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். நீட்டிப்புக் கேபிள்களில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் இரு முனைகளும் தரநிலைப்படி அமைந்தவை.

சிபியு கேபிளைக் கார்டில் திணிப்பது

இரண்டுமே 8 பின் என்பதால் வரும் குழப்பம் இது. 4+4 ஆகப் பிரிந்தால் சிபியுவுக்கு, 6+2 ஆகப் பிரிந்தால் கார்டுக்கு. 12 வோல்ட்டும் கிரவுண்டும் இரண்டிலும் தலைகீழாக இருக்கும். நுழைய மறுக்கும் கனெக்டரை ஒருபோதும் அழுத்தாதீர்கள்.

அடாப்டரை வைத்துச் சமாளிப்பது

ஸ்லாட் 75 வாட் வரை தரும், 6 பின் கனெக்டர் 75, 8 பின் கனெக்டர் 150. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் போதும். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் பின்களால் 54 வாட்தான் தாங்க முடியும். அதிலிருந்து 75 வாட் கேட்கும் 6 பின்னுக்கு அடாப்டர் போட்டால் பிளாஸ்டிக் உருகும், தீயும் பிடிக்கலாம். கார்டு இரண்டு 8 பின் கேட்டால் இரண்டு தனித்தனி கேபிள்கள் போடுங்கள். ஒரே கேபிளில் தொங்கும் இரட்டை முனை அதிகம் இழுக்கும் கார்டுக்கு நல்லதல்ல.

புதிய 16 பின் கனெக்டர் 600 வாட் வரை கடத்தும். 2022 இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வந்த புதிதில் சிலருடைய கனெக்டர்கள் உருகின. முழுதாக உட்காராமல் இருந்தது அதற்கு ஒரு காரணம். செருகிய பிறகு டார்ச் அடித்து, இடைவெளி துளியும் இல்லை என்று பாருங்கள். கனெக்டரை ஒட்டியே கேபிளை மடக்காதீர்கள்.

மானிட்டர் கேபிள்

மதர்போர்டில் அல்ல, கார்டில்.