குளிர் ஊரில் பிரஷர் பார்க்கும் முறை

மார்கழியில் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ விடிகாலை எழுந்த கையோடு பிரஷர் பார்த்தால் மேல் அளவு 150 காட்டலாம். வெயில் ஏறிய பிறகு அதே ஆளுக்கு 136. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். குளிரில் தோலுக்கடியில் உள்ள சிறு ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும்; இதயம் கூடுதலாக அழுத்தித்தான் ரத்தத்தைத் தள்ள வேண்டும்.

மேல்கையில் கட்டும் மெஷினே வாங்குங்கள், மணிக்கட்டு மெஷின் வேண்டாம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையைச் சுற்றி டேப் வைத்து அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைக்கும்தான். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும்.

எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்துவிட்டு, டீக்கும் காலை மாத்திரைக்கும் முன்னால் பாருங்கள். டீ, பீடி, மேடு ஏறி வந்தது, எதுவானாலும் அரை மணி இடைவெளி தேவை. அறையைக் கொஞ்சம் கதகதப்பாக்கிக்கொள்ளலாம். ஆனால் கதவைச் சாத்திவிட்டுக் கரியடுப்பு மூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு வாசனை காட்டாமல் ஆளைக் கொல்லும்.

நம் ஊரில் நடக்கும் பெரிய தப்பு ஸ்வெட்டரில்தான். கழற்றக் குளிருகிறது என்று கையை மேலே சுருட்டிவிடுவார்கள். சுருட்டிய கம்பளி கயிறு கட்டியதுபோல் கையை இறுக்கும். அளவு தப்பாக வரும். ஒரு கையை மட்டும் முழுதாக வெளியே எடுத்து, மேலே சால்வை போர்த்திக்கொண்டால் போதும். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டை. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிந்து (வெறும் சிமெண்டுத் தரை என்றால் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்), கை மேசை மேல் நெஞ்சு உயரத்தில். கை 10 செ.மீ. கீழே தொங்கினாலே சுமார் 8 புள்ளி கூடும். ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். மாலையிலும் அப்படியே. ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதுக்குச் சராசரி போடுங்கள். 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ நோட்டோடு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கோவையில் மகள் வீட்டில் பத்து நாள் இருந்தபோது 128தான் காட்டியது என்று, மலையேறியதும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. சமவெளி வெயிலில் குறைந்த அளவு அது. குளிர்காலத்துக்கு மாத்திரையைக் கூட்டுவதா, கோடையில் குறைப்பதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

உப்பு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன். ஊறுகாயும் கருவாடும் வர்க்கியும் (ஊட்டியின் மொறுமொறு பிஸ்கட்) அந்தக் கணக்குக்குள்தான். வர்க்கியை ஒரேயடியாக விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. தினம் நாலு என்பதை வாரம் இரண்டாக்குங்கள், வனஸ்பதி சேர்க்காத கடையாகப் பாருங்கள். நடைக்கு, பனி விலகி வெயில் வந்த பிறகு கிளம்புங்கள். முதல் பத்து நிமிடம் சமதளம், பிறகு ஏற்றம். மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகம் போதும்.

நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அழுத்தி, கைக்கோ தாடைக்கோ வலி பரவி, வேர்த்துக் கொட்டினால் அது மாரடைப்பாக இருக்கலாம்; வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108. நோயாளி தானே வண்டி ஓட்டக் கூடாது. நேரே மேட்டுப்பாளையம் இறங்கிவிடலாம் என்று கொண்டை ஊசி வளைவுகளில் நேரத்தைத் தொலைப்பதைவிட, பக்கத்தில் ஈசிஜி எடுக்கிற ஆஸ்பத்திரிக்குப் போவது மேல். 2023 ஜூனில் தொடங்கிய தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். சாப்பிட்டுவரும் மாத்திரைச் சீட்டையும் பிரஷர் நோட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.