பூரான் குட்டி வளர்ப்பு: கை வைக்கக்கூடாத நேரமும் வைத்தே ஆகவேண்டிய நேரமும்

போன மாதம் அக்கா மகன் ஒரு படம் அனுப்பினான். சிங்கப்பூர் ஈசூனில் அவர்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் அக்காவுக்கு ஒரு பாத்தி உண்டு. அங்கே கறிவேப்பிலைத் தொட்டியை நகர்த்தியிருக்கிறார்கள். அடியில் ஒரு சாண் நீளத்துக்குப் பூரான், சுருண்டு கிடக்கிறது. சுருளுக்கு நடுவில் வெளிர்மஞ்சள் மணிகள் மாதிரி முட்டைகள். "மாமா, இத டப்பாவில போட்டு வளர்க்கலாமா?" என்று கேட்டிருந்தான்.

பூரானைப் பார்த்தால் நம் வீட்டில் எல்லோரும் முதலில் தேடுவது செருப்பை. இவன் டப்பாவைத் தேடியது எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும், "தொட்டிய இருந்தபடியே மெதுவா வெச்சிட்டு வந்துடு" என்றுதான் பதில் எழுதினேன். ஏன் என்று அவனுக்கு விளக்க ஆரம்பித்தது நீண்டுவிட்டது.

நான் சில வருடம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பூரான், தேள் போன்றவற்றைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். அங்கே அனுமதி இருந்தது. வீட்டுக்கு அந்த அனுமதி கிடையாது. சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்கக்கூடிய பிராணிகள் கொஞ்சம்தான்: நாய், பூனை, முயல், வெள்ளெலி, கினிப்பன்றி, சிலவகை ஆமை, மீன், பறவை, நிலத்தில் வாழும் துறவி நண்டு, இன்னும் சில. பூரான் அதில் இல்லை. தேளும் டரான்டுலா என்னும் பெரிய சிலந்தியும்கூட இல்லை. மலேசியாவின் ஜொகூரில் வாங்கிப் பைக்குள் ஒளித்து உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடி வழியாகக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள் வழக்கையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். ஆகவே கீழே சொல்வதெல்லாம் அனுமதியுள்ள இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கும், இந்த விதி இல்லாத ஊரில் இருக்கிறவர்களுக்கும், தொட்டிக்கடியில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்களுக்கும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். மரவட்டையையும் பூரானையும் ஒன்றாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடிக் கால், தொட்டால் சுருளும், இலைதழை தின்னும். பூரானுக்கு ஒரு வளையத்துக்கு ஒரு ஜோடிதான். தொட்டால் ஓடும், இல்லாவிட்டால் கடிக்கும். இரை பிடித்துத் தின்னும். தலைக்குக் கீழே இருக்கும் நச்சுக் கொடுக்கே உண்மையில் உருமாறிய முதல் ஜோடிக் கால்தான். இங்கே தோட்டங்களில் அடிக்கடி பார்க்கும் பெரிய பூரான், மலாய்க்காரர்கள் லிபான் என்று சொல்வது, ஸ்கோலோபெண்ட்ரா சப்ஸ்பினிபெஸ் என்ற இனம். 20 சென்டிமீட்டர் வரை வளரும். கால் 21 ஜோடி. வளர்ந்த பூரான்களில் கால் ஜோடிகள் எப்போதும் ஒற்றைப்படையில்தான் வரும், அதனால் சரியாக நூறு கால் உள்ள பூரானை யாரும் பார்த்திருக்க முடியாது.

ஜோடி சேர்க்கும்போது

ஒரே டப்பாவில் இரண்டைப் போட்டால் குட்டி வந்துவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. வெளியிலிருந்து பார்த்து ஆண், பெண் பிரிப்பது இந்த இனத்தில் ரொம்பக் கஷ்டம். "பெரியது பெண்" என்று ஊகித்து இரண்டு பெண்களை ஒன்றாகப் போட்டு, மறுநாள் காலையில் ஒன்றை மட்டும் பார்த்தவர்கள் உண்டு. இன்னொன்று எங்கேயும் ஓடிப்போயிருக்காது.

பூரான்கள் நேரடியாகக் கூடுவதில்லை. ஒன்றையொன்று உணர்கொம்பால் தட்டிப் பார்த்து, பின்னங்கால்களைத் தடவிச் சமாதானம் ஆகும். பிறகு ஆண் ஒரு சின்ன வலை பின்னி, அதில் விந்துப் பொதியை வைக்கும். பெண் அதன்மேல் ஊர்ந்துவந்து எடுத்துக்கொள்ளும். இதற்கு இடமும் நேரமும் வேண்டும். பசியோடு இருக்கும் பெண்ணிடம் ஆணை விட்டால் தட்டிப் பார்ப்பதோடு கதை முடியாது. இரண்டுக்கும் ஒரு வாரமாவது நன்றாக இரை கொடுத்துவிட்டு, அகலமான பெட்டியில், ஆள் பக்கத்தில் நீண்ட இடுக்கியோடு இருக்கும்போது விடுவதுதான் எங்கள் வழக்கம்.

ஒரு ஆறுதல்: பெண் அந்த விந்தை மாதக்கணக்கில் உடம்பில் வைத்திருக்க முடியும். வெளியில் பிடித்த பெரிய பெண் தனியாக இருந்தும் ஒருநாள் முட்டை இடுவது அதனால்தான். அதைப் பார்த்து "ஆணே இல்லாமல் குட்டி போட்டது" என்று வீடியோ எடுத்துப் போட வேண்டாம்.

தாயைத் தொந்தரவு செய்வது

அதிகமான முட்டைகள் வீணாவது இங்கேதான். எனக்கும் இங்கேதான் நடந்தது.

முட்டையிட்ட தாய் வயிற்றுப்பக்கம் உள்ளே வரும்படி சுருண்டு, கால்களைக் கூடைபோலப் பின்னி, முட்டைகளைத் தரையில் படாமல் தாங்கிக்கொள்ளும். கிட்டப்போய்ப் பார்த்தால் சும்மா கிடக்கிற மாதிரி தெரியும், ஆனால் தலை மெதுவாக அசைந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முட்டையாக வாயால் தடவிச் சுத்தம் செய்கிறது. பூசணம் பிடிக்காமல் முட்டையைக் காப்பது அந்த வேலைதான். கெட்டுப்போன முட்டையைத் தானே தின்றும் விடும்.

எனக்குக் கிடைத்த முதல் தாய் பெட்டியின் கண்ணாடியை ஒட்டியே இடம் பிடித்திருந்தது. எனக்கோ ஆர்வம் தாங்கவில்லை. காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். மதியம் மூடியைத் திறந்து மரப்பட்டையைத் தூக்கிப் படம் எடுத்தேன். சாயங்காலம் கூட வேலை பார்த்தவர்களை அழைத்து வந்து காட்டினேன். மறுநாள் முட்டைகளில் பாதி இல்லை. அதற்கு அடுத்த நாள் ஒன்றுகூட இல்லை. தாய் மட்டும் வயிறு புடைத்து மண்ணுக்கு மேலே நடந்துகொண்டிருந்தது. ஆபத்து என்று தோன்றினால் முட்டைகளைத் தின்றுவிடுவது அதன் வழி. அதைக் குறை சொல்லி என்ன பயன், அந்த ஆபத்தே நான்தான்.

அப்புறம் நாங்கள் செய்தது இவ்வளவுதான். வயிறு பெருத்த பெண்ணை முன்கூட்டியே தனிப்பெட்டிக்கு மாற்றினோம். பெட்டியைச் சுற்றிக் கறுப்புத் துணி. அடியில் பஞ்சு அட்டை, ஏனென்றால் குளிர்பதனப் பெட்டியின் மோட்டார் ஓடும் அதிர்வுகூட மேசை வழியாகப் போய்ச் சேரும். மண் போடும்போதே மூலையில் ஒரு கோப்பிக்கடை உறிஞ்சுகுழலைச் செருகி, மூடியில் அதற்கு நேராக ஒரு துளையும் போட்டுவிடுவோம். பிறகு தண்ணீர் ஊற்ற மூடியைத் திறக்கவே வேண்டாம். இந்த உறிஞ்சுகுழல் யோசனை மட்டும் முதலிலேயே தோன்றியிருந்தால் அந்த முதல் கூட்டம் தப்பியிருக்கும்.

இன்னொன்று, இரை. "பாவம், பிள்ளை பெற்றவள் பட்டினி கிடக்கிறாள்" என்று உயிரோடு சுவர்க்கோழியைப் பெட்டிக்குள் விடுபவர்கள் இருக்கிறார்கள். முட்டையிட்டதிலிருந்து குட்டிகள் பிரியும்வரை சுமார் இரண்டு மாதம் தாய் சாப்பிடாது, சாப்பிடத் தேவையும் இல்லை. உள்ளே துள்ளித் திரியும் சுவர்க்கோழி முட்டையைக் கொறிக்கும், தாயைக் கலைக்கும். ஊட்டுவதை முட்டைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

தாய் கைவிட்ட முட்டைகளை ஈரத்தாளில் வைத்துப் பொரிக்க நானும் முயன்றிருக்கிறேன். நான்கே நாளில் வெள்ளைப் பூசணம். தாயின் வாய்க்கு மாற்று எனக்குக் கிடைக்கவில்லை.

நம்ம ஊர் ஈரம், நம்ம ஊர் புகை

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு இங்கே பெட்டிக்கடியில் சூடேற்றும் பாய் போடுவது தேவையில்லாத வேலை. இங்கே வெப்பம் இருக்கிறது, காற்றில் ஈரமும் இருக்கிறது. அதனால் தினமும் தண்ணீர் தெளிக்கிறவர் பெட்டியில் மண் சேறாகும், நாற்றம் வரும். ஆனால் இரவு பகலாக ஏர்கான் ஓடும் அறை என்றால் நேர்மாறு. பூரானின் தோலில் ஈரத்தைத் தடுக்கும் மெழுகுப்பூச்சு சரியாகக் கிடையாது, சீக்கிரம் வற்றிவிடும். ஒரு பக்கம் ஈரமும் மறுபக்கம் காய்ந்தும் இருக்கும்படி 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் போட்டால், எங்கே இருக்க வேண்டும் என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். உரம் கலந்த பூந்தொட்டி மண் வேண்டாம். நன்றாக அலசிய தேங்காய் நார்த்தூள் போதும்.

வெளியூர்க் குறிப்பு எதிலும் நான் பார்க்காத ஆபத்து கொசு மருந்துப் புகை. டெங்கி வந்த வட்டாரத்தில் புகை அடிக்கும் நாளை நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருப்பார்கள். அதைப் படிக்காமல் சன்னலைத் திறந்து வைத்த ஒரு வியாழக்கிழமை, சன்னல் ஓரம் இருந்த இரண்டு பெட்டிகளை இழந்தோம். கொசுவைக் கொல்லும் மருந்துக்குப் பூரானும் ஒன்றுதான். கொசுவர்த்திச் சுருளையும் கரப்பான் மருந்தையும் அதே அறையில் வைக்காதீர்கள்.

பிரிக்கும் நாள்

இத்தனை நாள் கை வைக்காதே என்று சொன்னேன். இப்போது தாமதிக்கக்கூடாத கட்டம்.

பொரித்துவரும் குட்டிகள் பால்வெள்ளையாக, மெத்தென்று, ஓடத் தெரியாமல் தாயின் கால்களுக்கு நடுவில் கிடக்கும். இந்தக் குடும்பத்தில் ஓர் அழகு, குட்டிக்கு முதலிலிருந்தே எல்லாக் கால்களும் இருக்கும். குளியலறையில் நீளக்கால்களோடு ஓடுகிற வீட்டுப் பூரானின் குட்டி அப்படி இல்லை, நான்கு ஜோடிக் காலோடு பிறந்து தோல் உரிக்க உரிக்கக் காலைக் கூட்டிக்கொள்ளும். வெள்ளையாக இருக்கும்போது பிரித்தால் குட்டிகள் செத்துப்போகும். அவற்றுக்கு இன்னும் தாய் வேண்டும்.

தாயோடு இருந்தே தோல் உரித்து, நிறம் ஏறி, ஒன்றிரண்டு கூட்டத்தை விட்டு மண்ணில் அலையத் தொடங்கும். அதுதான் நாள். "இன்னும் ஒரு வாரம் அம்மாவோடு இருக்கட்டும்" என்று நம் பாசத்தை அதன்மேல் ஏற்றினால் ஐம்பது குட்டி இருபதாகும், இருபது ஐந்தாகும். ஒன்றையொன்று தின்னும். சில சமயம் எல்லாம் சேர்ந்து களைத்த தாயையே தின்றுவிடும்.

நாங்கள் முதலில் தாயைத்தான் வெளியே எடுப்போம், நீண்ட இடுக்கியும் மூடிவைத்த டப்பாவும் கொண்டு. பிறகு மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தனித்தனிக் கிண்ணத்தில் விடுவோம். உணவங்காடியில் பொட்டலம் கட்டும்போது சம்பல் ஊற்றித் தரும் மூடிபோட்ட குட்டிக் கிண்ணம் இதற்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. குண்டூசியால் நாலைந்து துளை போதும். பெரிய துளை போட்டுவிட்டு மறுநாள் வெறும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. தலை நுழைந்தால் உடம்பு முழுக்க நுழைந்துவிடும்.

இரைக்கு மெனக்கெட வேண்டாம். பாடும் பறவை வளர்க்கிறவர்களுக்காகப் பறவைக் கடைகளில் சுவர்க்கோழியும் மீல்வோர்ம் புழுவும் கிடைக்கும். சுவர்க்கோழியின் ஒரு தொடை ஒரு குட்டிக்குப் போதும். மிச்சத்தை மறுநாளே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூசணமும் சிற்றுண்ணியும் வரும். குட்டி மங்கிப்போய்ச் சாப்பிடாமல் ஒதுங்கினால் நோய் என்று பயந்து மேலும் மேலும் இரை போடாதீர்கள். தோல் உரிக்கப் போகிறது. அந்த நேரத்தில் உயிருள்ள சுவர்க்கோழி உள்ளே இருந்தால் இரையாவது பூரான்தான். உரித்த தோலையும் எடுக்க வேண்டாம், அதைத் தானே தின்னும்.

கையில் எடுத்து விளையாடுவது பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. செய்யாதீர்கள். கடித்தால் பெரும்பாலும் கடுமையான வலி, வீக்கம், அவ்வளவுதான். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கடிபட்ட இடத்தை வைத்திருந்தால் வலி குறையும். ஆனால் பிலிப்பைன்ஸில் தலையில் கடிபட்ட 7 வயதுச் சிறுமி இறந்தது மருத்துவக் கட்டுரைகளில் பதிவாகியிருக்கிறது. மூச்சு முட்டினால், முகம் வீங்கினால், சிங்கப்பூரில் ஆம்புலன்ஸ் எண் 995.

இதையெல்லாம் படித்துவிட்டு அக்கா மகன், "அப்ப தொட்டிக்கடியிலயே இருக்கட்டும் மாமா" என்று எழுதினான். குழந்தைகள் அந்தப் பக்கம் வராமல் அக்கா ஒரு கயிறு கட்டியிருக்கிறாள். கறிவேப்பிலைக்குத் தண்ணீரும் தொட்டிக்குப் பக்கத்திலிருந்துதான் ஊற்றுகிறாளாம். நேற்று மறுபடி ஒரு படம் வந்தது. வெறும் தொட்டி, அசையாமல் இருந்த இடத்தில் இருக்கிறது. தூக்கிப் பார்க்கவில்லை என்பதற்குச் சாட்சியாம். குட்டிகள் எப்போது வெளியே வரும் என்று கேட்டிருக்கிறான். முதல் படத்தின் தேதியிலிருந்து எண்ணிப் பார்த்து, இன்னும் நாலு வாரம் பொறு என்று எழுதியிருக்கிறேன்.